கருப்பையை எடுக்காமல் சிகிச்சை: யாருக்கு, எப்படி?

கருப்பை உட்படலப் புற்றுநோய் என்றால் கருப்பையை எடுப்பதுதான் வழக்கம். குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கு இன்னொரு வழி உண்டு, ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. புற்றுநோய் எண்டோமெட்ரியாய்டு வகையாக (உட்படலச் சுரப்பி போலத் தோன்றும், பரவலாகக் காணப்படும் வகை), கிரேடு 1ஆக (வீரியம் குறைந்த, மெதுவாக வளரும் நிலை) இருக்க வேண்டும். தசைக்குள் இறங்கவில்லை, வெளியே பரவவில்லை என்று எம்ஆர்ஐ காட்ட வேண்டும். ஹிஸ்டெரோஸ்கோப் (கருப்பைக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) வழியே பார்த்துத் திசு எடுப்பது மேல். பார்க்காமல் சுரண்டினால் மோசமான பகுதி தவறிப்போகலாம். எடுத்த திசுவின் ஸ்லைடை இன்னொரு திசு நோயியல் நிபுணரிடமும் காட்டுங்கள், இதை விட்டுவிடவே கூடாது.

மருந்து புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து. மெஜெஸ்ட்ரால் தினமும் 160 முதல் 320 மி.கி., அல்லது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 400 முதல் 600 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் 52 மி.கி. உள்ள ஐயுடி என்ற சிறு கருத்தடைச் சாதனத்தைக் கருப்பைக்குள் வைப்பதும் உண்டு. மாத்திரையால் பசி கூடி எடை ஏறும். ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. கொழுப்புத் திசுவில் உருவாகும் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் நோய்க்குத் தீனி போடுவதால், எடை அதிகமுள்ளவர்களுக்கு எடைக் குறைப்பும் மருந்துதான்.

3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பயாப்ஸி (திசு எடுத்துப் பரிசோதிப்பது) அவசியம். ரத்தப்போக்கு நின்றுவிட்டது என்று நம்பி இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. 12 மாதமாகியும் நோய் மறையாவிட்டால் பொதுவாக அறுவை சிகிச்சைதான். மறைந்தால் உடனே கருத்தரிப்புக்கு முயல வேண்டும், நோய் திரும்புவது சகஜம். ஐவிஎஃப்பில் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) ஈஸ்ட்ரோஜென் உற்பத்தியைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையைச் சேர்த்தால் ஈஸ்ட்ரோஜென் அதிகம் ஏறாது. குழந்தை பிறந்த பிறகு கருப்பையை எடுத்துவிடுவதே பரிந்துரை.