எப்போது ஷாக் கொடுக்கக் கூடாது

இதயத்துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய நெஞ்சுக்குள் பதிக்கும் டிஃபிபிரிலேட்டர், அதாவது ஐசிடி, தொடர்பான ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்றால், உயிரைக் காப்பாற்றும் ஷாக்கைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். என் வேலையில் பெரும்பகுதி வேறு: எப்போது ஷாக் கொடுக்கக் கூடாது என்று அந்தக் கருவிக்குச் சொல்லித் தருவது.

ஷாக் கொடுத்த ஒவ்வொரு முறையும் கருவி அந்த நேரத்து சிக்னலைச் சேமித்து வைக்கும். பெயர், ஊர் நீக்கப்பட்டு அந்தப் பதிவுகள் எங்களிடம் வரும். அவற்றில் ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மேல் வரியில், இதயத்தை ஒட்டியிருந்து பார்க்கும் சிக்னலில், 120 மில்லிசெகண்ட் இடைவெளியில் கொத்துக் கொத்தாக முட்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 500 துடிப்பு. கீழ் வரியில், இதயத்தைச் சற்றுத் தள்ளியிருந்து பார்க்கும் சிக்னலில், நிதானமான 78. அந்த மனிதர் அலமாரியின் மேல்தட்டில் எதையோ எடுக்கக் கையை உயர்த்தியிருக்கிறார். காறை எலும்பருகே லீடுக்குள், அதாவது கருவியை இதயத்தோடு இணைக்கும் மின் வடத்துக்குள், இருந்த கம்பி விண்டுபோயிருந்தது. அந்த இரைச்சலைத்தான் கருவி இதயம் என்று எண்ணிக்கொண்டது. முழு நினைவோடு இருந்தவருக்கு 35 ஜூல். குதிரை உதைத்தது போல இருக்கும் என்பார்கள் வாங்கியவர்கள். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது, அத்தனை முறையும் லீட் வளைகிறது. முழு அமைப்பிலும் எனக்கு அதிகக் கவலை தருவது அந்த மெல்லிய கம்பிதான்.

இதய மருத்துவர் மிஷல் மிரோவ்ஸ்கி 1966-இல் தன் ஆசிரியர் ஹாரி ஹெல்லரை இதயத்துடிப்புக் கோளாறால் இழந்த பிறகுதான் இப்படியொரு கருவியைச் செய்தே தீருவது என்று இறங்கினார். மார்ட்டன் மோவருடன் சேர்ந்து உழைத்து, 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். அன்றைய கேள்வி, கருவி ஷாக் கொடுக்குமா என்பதே. கொடுத்தது சரியா என்று பிறகு பார்க்க, அந்தக் கருவியில் சிக்னல் பதிவுகூடக் கிடையாது.

சிக்கலின் வேர் உணர்திறனில் இருக்கிறது. வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷனில், அதாவது இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலையில், சிக்னல் மிகச் சிறியதாகிவிடும். அதைத் தவறவிட்டால் ஆள் இல்லை. அதற்காக உணர்திறனைக் கூட்டினால், ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மீளும்போது எழும் டி அலையும், தசை இரைச்சலும் உள்ளே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் பின், எவ்வளவு பெரிய சிக்னலைத் துடிப்பாக எண்ணுவது என்ற வரம்பு சட்டென்று உயர்ந்து, பிறகு மெல்ல இறங்குமாறு வைத்திருக்கிறோம். டி அலை அதற்கடியில் நழுவிப் போய்விடும், பெரும்பாலும்.

2012-இல் வந்த மாடிட்-ஆர்ஐடி ஆய்வு, ஐசிடி பொருத்திய 1,500 பேரைப் பின்தொடர்ந்தது. துடிப்பு 200-ஐத் தொட்ட பிறகே சிகிச்சை என்று அமைத்த குழுவில், தேவையற்ற சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன, இறப்பும் குறைந்தது. என் பார்வையில், எந்தப் புதிய சிப்பையும்விட இந்தத் துறைக்கு அதிக நன்மை செய்தது அந்த ஆய்வுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பதும் அதையே.

இப்போது நாங்கள் சோதிக்கும் முறையில், அருகிலிருக்கும் சிக்னல் 500 என்றும் தள்ளியிருப்பது 78 என்றும் சொன்னால், கருவி ஷாக்கை நிறுத்திவைத்து நோயாளிக்கு எச்சரிக்கை ஒலி கொடுக்கும். போன கூட்டத்தில் ஒரு தோழி கேட்டார்: “லீட் உடைஞ்ச அதே நேரத்துல நிஜ ஃபிப்ரிலேஷனும் வந்தா?” அப்போது நிறுத்திவைப்புக்குக் கெடு வேண்டும். எத்தனை விநாடி என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. உடைந்த லீடின் இரைச்சலையும் ஃபிப்ரிலேஷனையும் ஒன்றாகக் கலந்த பதிவுகளைத் தயாரித்து, சோதனைத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.