சோளன் விதைக்குத் தகவல் கேட்டு எழுதுவது

சோளன் விதைப் பையைப் பிரித்தால் விரலில் இளஞ்சிவப்புச் சாயம் ஒட்டும். "இது மரபணு மாத்தின விதை" என்ற பேச்சு அம்பாறைப் பக்கம் அநேகமாக அந்தச் சாயத்தில்தான் தொடங்கும். அது பூஞ்சணம் தாக்காமலிருக்க விதைக்குப் பூசிய மருந்தின் நிறம். எடுத்து வைத்த விதையை மறுமுறை போட்டால் விளைச்சல் சீராக வராததும் கலப்பின விதையின் இயல்பே. நெல்லில் 'பிஜி' என்பது பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்து இனம்; பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய 'பிடி' வகை அல்ல. இவற்றைக் கழித்த பிறகும் சந்தேகம் மிஞ்சினால்தான் கடிதம் எழுத வேண்டும்.

எங்கள் கமக்காரர் அமைப்பின் முதல் விண்ணப்பம் கேள்வியாலேயே தோற்றது. "ஏன் அனுமதித்தீர்கள்?" என்று கேட்டிருந்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியது கையிலுள்ள பதிவை, விளக்கத்தை அல்ல. அடுத்த முறை, "இந்தத் தொகுதி இலக்க விதையின் இறக்குமதி அனுமதிப் பிரதி, பரிசோதனை அறிக்கை இருப்பின் அதன் பிரதி" என்று எழுதி, பைச் சீட்டின் படத்தையும் இணைத்தோம். விதைக்கு விவசாயத் திணைக்களம். உணவுக்கு, 2007 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள, மரபணு மாற்றிய உணவு பற்றிய ஒழுங்குவிதிப்படி, சுகாதாரத் துறை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பற்றுச்சீட்டு வாங்காமல் கந்தோரை விட்டு வரவே கூடாது. அதில் திகதி இல்லாவிட்டால், அவர்கள் முடிவு சொல்ல வேண்டிய 14 வேலை நாளை எங்கிருந்து எண்ணுவது? மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அந்த 14 நாள் கைநழுவினால் மேன்முறையீடு சிக்கலாகும்.

பரிசோதனை அறிக்கை கிடைத்தால் எதைத் தேடினார்கள் என்று முதலில் பாருங்கள். பட்டைச் சோதனை, அதாவது விதைச் சாற்றில் சிறு சோதனைப் பட்டையைத் தோய்த்துப் பார்ப்பது, ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டுமே காட்டும். 'இல்லை' என்றால் அந்தப் புரதம் இல்லை, அவ்வளவுதான்.

பிரதேச விவசாயக் குழுக் கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு எழும்பிவிடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம், பிரதிகளின் இணைப்பு, கூட்டறிக்கையில் சேர்க்கும்படி வேண்டுகோள், இம்மூன்றும் வேண்டும். உயிரியற் பாதுகாப்புப் பற்றிய சர்வதேச உடன்படிக்கையான கார்ட்டஹேனா நெறிமுறையில் இலங்கையும் பங்காளி. மரபணு மாற்றிய உயிரிகள் பற்றி முடிவெடுக்கும்போது மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டுமென்று அதன் 23ஆம் உறுப்புரை சொல்கிறது. கடிதத்தின் முதல் வரியில் அதை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் பழைய கூட்டறிக்கையை வாசிக்கும்போது உங்கள் கடிதம் விடுபட்டிருந்தால், அதை உறுதிப்படுத்துமுன் அங்கேயே கையை உயர்த்துங்கள்.