வளவுக்குள் ஓர் ஓபரா: ஒப்புதல் வாங்கிய கதை

தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாகவே நடக்கும் ஒரு புதிய நாடகத்தை, மேடையில் அல்லாமல் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு பழைய வீட்டின் வளவுக்குள், அதாவது அறைகள் சூழ்ந்த நடு முற்றத்தில், நடத்துவது என்று எங்கள் குழு முடிவெடுத்தபோது, இசையமைப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்தோம். இசை நான்கு மாதத்தில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஒப்புதல் வாங்க ஏழு மாதம் பிடித்தது. இப்படியொரு முயற்சியில் இறங்குபவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன கணவனை எதிர்பார்த்திருக்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கைதான் நாடகம். மூன்று ஆண்டுக் கணக்கு (ஒரு தவணை வேலைக்காலம்) முடிந்து திரும்ப வேண்டியவன், 1942ஆம் ஆண்டு ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபின் திரும்பவே இல்லை. வசனம் கிடையாது. இவ்வூர் ஆச்சிமாரிடம் கேட்டுப் பதிவுசெய்த தாலாட்டு மெட்டுகளையும் ஒப்பாரி மெட்டுகளையும் வைத்தே முழுவதையும் கட்டினோம். ஆர்மோனியம், ஒரு நாகசுரம், பித்தளைப் பாத்திரங்கள், ஐந்து குரல்கள், இவ்வளவுதான் எங்கள் இசைக்குழு.

குழுவைச் சங்கமாகப் பதிவு செய்தது எளிதாகவே முடிந்தது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு உறுப்பினர்களாவது இருக்க வேண்டும். நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். துணைவிதிகளில் சங்கத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘ஓபரா’ என்று எழுதாமல், ‘இசை நாடகம்’ என்று எழுதினோம். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளிலிருந்து சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகம் வரை, கதையைப் பாட்டில் நடத்துவது நமக்குப் பழகிய கலை. அதற்கு நம்மிடம் உள்ள பெயரே போதும் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டை விட்டு ஏன் ஒரு மண்டபத்துக்குப் போகவில்லை என்று பலர் கேட்டார்கள். இத்தாலியில் ஓபரா பிறந்ததே வீட்டுக்குள்தான். இசையமைப்பாளர் மாண்டெவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’ என்ற ஓபரா 1607இல் மாந்துவா அரண்மனையின் ஓர் அறையில்தான் முதலில் பாடப்பட்டது. காசு கொடுத்து எவரும் போய்ப் பார்க்கக்கூடிய ஓபரா அரங்கம் வெனிஸில் 1637இல்தான் வந்தது. இந்தச் செய்தியை வீட்டுக்காரர்களிடம் சொன்னபோது, வேறு எந்த விளக்கத்தையும்விட இதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்காரர்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு (மணமான மகன் ஒருவரின் குடும்பத்துக்கு) உரியவை, வளவு எல்லாருக்கும் பொது. எங்கள் வீட்டுக்குப் பதினொரு பங்காளிகள். சென்னையில் நால்வர், கோயம்புத்தூரில் இருவர், மலேசியாவில் மூவர், ஊரில் இருவர். பத்துப் பேர் சம்மதித்து ஒருவர் மறுத்தாலும் கதவு திறக்காது. தொலைபேசியில் கேட்டபோது யாரும் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே குடும்பமே கூடி முன்னோரை வழிபடும் படைப்பு நாள்வரை காத்திருந்து, மூத்தவரின் அனுமதியோடு அன்று மாலை இரண்டு பாட்டுகளைப் பாடிக்காட்டினோம். ஒன்பது பேர் அன்றே கையெழுத்திட்டார்கள். வராத ஒருவரின் கடிதம் பினாங்கிலிருந்து பிறகு வந்தது.

பதினொன்றாவது கையெழுத்துதான் நின்றது. ஊரிலேயே இருந்த எண்பது வயது ஆச்சி, தாலாட்டைக் கேட்டுத் தலையசைத்தவர், ஒப்பாரி தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். “ஏன்ப்பா, கல்யாணம் நடக்கிற வளவுல ஒப்பாரி வைக்கலாமா? எம் பேத்திக்குத் தையில முகூர்த்தம் வச்சிருக்கு” என்றார். நாங்கள் வாதாடவில்லை, வாதாடியிருக்கவும் கூடாது. மூன்று வாரம் கழித்து மறுபடி போய், ஒப்பாரியை எங்கே பாடினால் சரியாக இருக்கும் என்று அவரையே கேட்டோம். “ஊருணிக் கரையில பாடுங்க. தண்ணி வாங்கிக்கிடும்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

நாடகத்தின் கடைசிப் பகுதி அந்த ஒரு சொல்லால் மாறியது. வளவுக்குள் தாலாட்டு முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிட்டு, பார்வையாளர்களைத் தலைவாசல் வழியே வெளியே அழைத்துப்போய், ஊருணியின் எதிர்க்கரையிலிருந்து வரும் ஒப்பாரியைக் கேட்கவைத்தோம். வீட்டுக்குள்ளேயே முடித்திருந்தால் நாடகம் இதில் பாதி அளவுகூட மனத்தில் இறங்கியிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

வளவின் ஒலியும் எங்களைத் திருத்தியது. சுண்ணாம்புச் சாந்தால் கண்ணாடிபோல் இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண்கள் எல்லாம் ஒலியைத் திருப்பியே அனுப்புகின்றன. ஒருமுறை கை தட்டினால் அந்த ஒலி அடங்குவதற்குள் அடுத்த சொல்லைத் தொடங்கிவிடலாம். வேகமான பாட்டு வரிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின; இழுத்துப் பாடிய வரிகள் மட்டும் தெளிவாக நின்றன. எனவே பாதிக்கு மேற்பட்ட பாட்டுகளின் வேகத்தைக் குறைத்தோம். ஒலிபெருக்கியை அறவே விட்டுவிட்டோம். தூணோரம் ஜமுக்காளத்தை மடித்துத் தொங்கவிட்டதும் நாகசுரம் குரல்களை மூழ்கடிப்பது நின்றது.

ஊருணிக்காகப் பேரூராட்சிக்கு ஒரு மனுவும், காவல் நிலையத்துக்கு ஒரு மனுவும் கொடுத்தோம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க விதிகள் இடம் தருவதில்லை. எங்களிடம் ஒலிபெருக்கியே இல்லை என்றதும் பேச்சு விரைவில் முடிந்தது. மனுவோடு பங்காளிகளின் கடித நகல், நிகழ்ச்சி நேரம், பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றையும், ஊருணிப் படிகளில் தன்னார்வலர்கள் நிற்கும் இடங்களைக் காட்டும் ஒரு வரைபடத்தையும் இணைத்திருந்தோம். தண்ணீர் ஓரம் இருட்டில் கூட்டம் நிற்கப்போகிறது என்பதால் அந்த வரைபடத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார்கள்.

மூன்று இரவுகள் நடத்தினோம். மறுநாள் காலை வளவைக் கழுவி, முகப்பில் கோலமிட்டு, சாவியை ஆச்சியிடம் கொடுத்தோம். அவர் தையில் வரச்சொல்லி எங்களுக்குத் திருமண அழைப்பிதழ் கொடுத்தார். அன்று வளவில் தாலாட்டுப் பாட்டை மட்டும் பாட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.