அவன் நீட்டிய போன்

எனக்கு ஹிந்தி வராதுப்பா என்று அவனிடம் சொன்னேன். அது பொய்.

நாள் முழுக்க தையல் லைனில் நின்று 'ஜல்தி கரோ' என்று கத்துகிறவன் நான். பெரிதாகப் பேச வராது. ஆனால் ஒரு அம்மாவிடம் "பையன் நல்லா இருக்கான், ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிற அளவுக்கு வரும்.

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை, டீ டைம் முடிந்து மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்த நேரம். ஓவர்லாக் மெஷினில் தைக்கிற பையன் எழுந்து என்னிடம் வந்தான். தமிழ்நாட்டில் ஹிந்திக்காரர்களை வெட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோவைக் காட்டினான். பார்த்ததும் சிரித்துவிட்டேன். அது கோயம்புத்தூரில் உள்ளூர் ஆட்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. "நம்மூர்ல உன்னை யாரும் தொட மாட்டாங்கடா, நான் இருக்கேன்" என்றேன். அவன் உடனே ஊருக்கு போன் போட்டு என்னிடம் நீட்டினான். "அம்மா அழுவுது அண்ணா. நீங்க பேசு."

அப்போதுதான் அந்தப் பொய்.

ஏன் பேசவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஷிப்மென்ட் நெருக்கடி, டெய்லருக்குக் கை உதவி செய்கிற கைமடிக்கு ஆள் இல்லை, பின்னால் இருபது மெஷின் ஓடுகிறது, உண்மைதான். ஆனால் ஒரு நிமிஷம்கூடவா இல்லை? அவனிடம் அத்தனை உறுதியாகச் சொன்னவனுக்கு அதையே அவன் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பேச்சு என் தலையில்தானே விழும் என்று தோன்றியிருக்கலாம். அப்படியென்றால் நான் சொன்னதை நானே நம்பவில்லையா?

நம்பினேன். அந்த வாரமே டிஜிபி சைலேந்திர பாபு வீடியோக்கள் பொய் என்றார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து திருப்பூரிலும் விசாரித்தது. சொல்லப்பட்ட மாதிரி தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. ஆக நான் சொன்னது சரிதான். சரியாக இருந்தும் உறுத்துகிறதே, அதுதான் புரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதே வருஷம் ஜனவரியில் வடமாநிலத்துப் பையன்கள் நம்மாட்களைத் துரத்துகிற மாதிரி ஒரு வீடியோ சுற்றியதே, அதை எங்கள் தெரு குரூப்பில் போட்டது நான்தான். 'இனி நாமதான் ஊரைக் காலி பண்ணணும்' என்று ஒரு வரி வேறு. டீக்கடைச் சண்டை என்று போலீஸ் சொன்ன பிறகும் அழிக்கவில்லை. கோபத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் சந்தில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், அதனால் வாடகை ஏறியது, கூலி மட்டும் ஏறவில்லை. ஆனால் கூலி ஏறாததற்கு அவனா காரணம்? கம்பெனி ரூமிலேயே படுத்துக்கொண்டு ஒன்றரை ஷிப்ட் பார்ப்பான் என்று அவனை எடுக்கச் சொன்ன என்னைப் போன்றவர்களா? நானே தேனிப் பக்கத்திலிருந்து வந்தவன். தெக்கத்தி ஆளுக்கு வீடில்லை என்று இங்கே என்னையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் எனக்கு இரக்கம் கூடியதாகத் தெரியவில்லை. நான் பட்டேன், நீயும் படு என்கிற மாதிரிதான் பல நாள் நடந்துகொண்டிருக்கிறேன்.

போனை வாங்காததும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் ஏதோ சொல்லி வைத்துவிட்டு, அந்த வாரச் சம்பளத்தை இப்போதே தர முடியுமா என்று கேட்டான். "சனிக்கிழமைதான்டா, தெரியாதா?" என்றேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் தைத்ததில் ஒரு பீஸ்கூட ஆல்டர் என்று பிரித்துத் தைக்கத் திரும்பி வரவில்லை, அது ஏனோ நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமையே தன்பாத் வண்டிக்குப் போய்விட்டான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் கவர் மட்டும் மிஞ்சியது. ஹோலி முடிந்து பாதிப் பேர் திரும்பினார்கள். அவன் வரவில்லை. கவர் என் டிராயரில் கொஞ்ச நாள் கிடந்தது, வருஷக் கணக்கு முடிக்கும்போது கேஷியர் வாங்கி வரவில் வைத்துவிட்டார். ஜிபேயில் அனுப்பியிருக்கலாம், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். இப்போது அனுப்பினால் எதற்கு என்று கேட்பான், என்ன சொல்ல?

நம்பர் இன்னும் இருக்கிறது, 'பீகாரி 4' என்று. அவன் ஜார்க்கண்ட் பையன்.