இருபதைத் தொண்ணூற்று நான்கால் வகுத்தால்

டெக்சாஸில் ஒரு சமுதாயக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். செமஸ்டர் விடுமுறையில் விக்கிப்பீடியா கட்டுரைகளைத் திருத்துவது என் பழக்கம். சம்பளம் இல்லைதான், ஆனாலும் என் வேலையின் ஒரு பகுதியாகத்தான் அதை நினைக்கிறேன். போன கோடை விடுமுறை முழுக்க டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-83 கிராஃபிங் கால்குலேட்டரை (சார்புகளை வரைபடமாக வரைந்து காட்டும் கால்குலேட்டரை)ப் பற்றிய கட்டுரையோடு போனது.

நான் கையில் எடுத்தபோது அது ஒரு பட்டியலாக இருந்தது. 1996-இல் வெளிவந்தது, 6 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலி, 32 கிலோபைட் நினைவகம், 96-க்கு 64 புள்ளிகள் கொண்ட திரை, நான்கு பேட்டரி. எதிலும் தப்பில்லை. ஆனால் படித்து முடித்த ஒருவருக்கு இந்தக் கருவி எப்படி நடந்துகொள்ளும், இவ்வளவு காலம் வகுப்பறையில் ஏன் நிலைத்தது என்று எதுவும் தெரிந்திருக்காது. ஒரு கருவியைப் பற்றிய கட்டுரைக்கு இந்த இரண்டும்தான் உயிர் என்பது என் எண்ணம்.

திரையிலிருந்து ஆரம்பித்தேன். 96-க்கு 64 என்ற எண்ணை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்வதில்லை. வரைபடம் வரையும்போது டிஐ-83 பயன்படுத்துவது 95 பத்திகள் (மேலிருந்து கீழாக நிற்கும் புள்ளி வரிசைகள்), 63 கிடை வரிசைகள். 95 பத்திகளுக்கு நடுவே 94 இடைவெளிகள். சாளரம் என்பது வரைபடத்தின் எந்த எல்லைக்குள் இருக்கும் பகுதியைத் திரை காட்டுகிறது என்பது. வழக்கமான சாளரத்தில் எக்ஸ் அச்சு −10-இலிருந்து 10 வரை போகிறது. 20-ஐ 94-ஆல் வகுத்தால் 0.21276596. வரைந்த கோட்டின் மேல் ஒரு புள்ளியை நகர்த்திப் பார்க்க உதவும் டிரேஸ் பொத்தானை அழுத்தி அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டினால் எக்ஸ் அந்த அளவில்தான் நகரும். எக்ஸின் வர்க்கத்தை வரைந்து 2-க்குப் போகப் பார்த்தால் 1.9148936 வரும், அடுத்த தட்டில் 2.1276596-க்குத் தாவிவிடும். நடுவே 2 கிடையாது. ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் யாராவது ஒருவர் கால்குலேட்டர் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருவது இதனால்தான்.

இசட்டெசிமல் என்ற சாளரம் இருப்பதற்கும் இதுவே காரணம். அதில் எக்ஸ் −4.7 முதல் 4.7 வரை, ஒய் −3.1 முதல் 3.1 வரை. 9.4-ஐ 94-ஆல் வகுத்தால் சரியாக 0.1. 6.2-ஐ 62-ஆல் வகுத்தாலும் 0.1. முதன்முதலாகப் பார்ப்பவருக்கு 4.7 என்பது எங்கிருந்தோ வந்து விழுந்த எண் மாதிரி இருக்கும். பத்திகளை எண்ணிப் பார்த்தவருக்கு அதைவிட இயல்பான எண் வேறு இல்லை.

இதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. ஒன்றை, எக்ஸ் கழித்தல் இரண்டால் வகுக்கும் சார்பை, அதாவது 1/(எக்ஸ் − 2)-ஐ, எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 2 ஆகும் இடத்தில் அதற்கு மதிப்பே கிடையாது. அங்கே வரைபடம் இரண்டாகப் பிரிய வேண்டும். வழக்கமான சாளரத்தில் எந்தப் பத்தியும் 2-இல் விழாது. கருவி 2-க்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி கணக்கிட்டு, இரண்டையும் கோடு போட்டு இணைத்துவிடும். திரையில் மேலிருந்து கீழே ஒரு செங்குத்துக் கோடு நிற்கும். மாணவர்கள் அதைத் தொலைத்தொடுகோடு (வளைவு நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் தொடாத கோடு) என்றே நம்பிவிடுவார்கள். கருவியே வரைந்து காட்டுகிறது என்று வாதாடவும் செய்வார்கள். அதே சார்பை இசட்டெசிமலில் வரைந்தால் ஒரு பத்தி சரியாக 2-இல் விழுகிறது. அங்கே மதிப்பு இல்லை என்று தெரிந்து கருவி அந்தப் புள்ளியை விட்டுவிடும். கோடு காணாமல் போகும். சார்பு மாறவில்லை, சாளரம் மட்டும்தான் மாறியது. ஒரு கருவி எதைக் கணக்கிடுகிறது, எதை ஊகித்து நிரப்புகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதையெல்லாம் எழுதி, கட்டுரையில் சேர்ப்பதற்கு முன்னால் உரையாடல் பக்கத்தில் வைத்தேன். இன்னொரு பயனர் இரண்டு கேள்விகள் கேட்டார். விக்கிப்பீடியா செய்முறைக் கையேடு இல்லையே, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது இங்கே எதற்கு? அப்புறம், இது உங்கள் சொந்த ஆய்வு ஆகாதா, அதை விக்கிப்பீடியா ஏற்பதில்லையே? இரண்டும் நியாயமான கேள்விகள். பொத்தான்களின் வரிசையை எடுத்துவிட்டு, திரை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவுசெய்தோம். இரண்டாவது கேள்விக்கு விதியிலேயே பதில் இருக்கிறது: சாதாரணக் கூட்டல், கழித்தல், வகுத்தல் சொந்த ஆய்வு ஆகாது. சாளர எல்லைகள் நிறுவனத்தின் கையேட்டிலேயே இருக்கின்றன. 20-ஐ 94-ஆல் வகுப்பதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பொய்யான செங்குத்துக் கோட்டுக்கு மட்டும் பாடப்புத்தகச் சான்று தேடிப் போட்டேன். முகம் தெரியாத ஒருவர் அக்கறையோடு கேள்வி கேட்டதால் அந்தப் பகுதி பாதியாகச் சுருங்கி, இரண்டு மடங்கு தெளிவானது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வரலாற்றுப் பகுதிக்கு அவ்வளவு சிரமம் இல்லை. கடைக்கு வந்த முதல் கிராஃபிங் கால்குலேட்டர் 1985-இல் கேசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1990-இல்தான் டிஐ-81-ஐக் கொண்டுவந்தது. ஐந்து வருடம் பின்னால் வந்த நிறுவனம் அமெரிக்க வகுப்பறைகளை எப்படிப் பிடித்தது என்பதற்குப் பட்டியலில் பதில் இருக்காது, ஆசிரியர்களிடம் இருக்கிறது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராங்க் டெமானாவும் பெர்ட் வெயிட்ஸும் வரைபடம் வழியாகக் கணிதம் கற்பிக்கலாம் என்று பாடநூல் எழுதினார்கள், பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார்கள். 1994-இல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி கிடைத்தது. 1995-இல் பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலைக் கணிதத்தில் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வுக்கு கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயமானது. அடுத்த வருடம் டிஐ-83 வந்தது. இந்த நான்கு வரிகளையும் வரிசையாக வைத்ததுமே கட்டுரைக்கு முதுகெலும்பு வந்துவிட்டது.

அதிகம் யோசித்து எழுதியது 2009-ஆம் ஆண்டைப் பற்றி. டிஐ-83 பிளஸ் மாடலில் இயங்குதளத்தை மாற்ற நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பத்துக்கு அடிப்படையான 512-பிட் சாவி ஒரு பெரிய எண்; அதை ஓர் ஆர்வலர் காரணிகளாகப் பிரித்து வெளியிட்டார். நிறுவனம் சட்ட அறிவிப்புகள் அனுப்பியது. டிஜிட்டல் உரிமைகளுக்காக வாதாடும் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் ஆர்வலர்கள் பக்கம் நின்றது. என் மனசும் அவர்கள் பக்கம்தான். தான் வாங்கிய கருவியைத் திறந்து பார்க்கும் மாணவரைவிட நல்ல மாணவர் யார்? ஆனால் கட்டுரையில் என் மனசுக்கு இடம் இல்லை. தேர்வு அறையில் எல்லோர் கருவியும் ஒன்றுபோல இயங்க வேண்டும் என்று கவலைப்படுபவர் படித்தாலும் நியாயமாக எழுதியிருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும். அதனால் யார் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் வைத்தேன், பெயரடைகளை எடுத்துவிட்டேன்.

கடைசியாகப் படம். திரையின் கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்காமல் எடுப்பது பெரும்பாடு. வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரத்தில் வைத்து, பேட்டரியை மாற்றி, திரையைக் கொஞ்சம் கருப்பாக்கி எடுத்தேன். ஒரே சார்பு, இரண்டு சாளரம், பக்கம் பக்கமாக இரண்டு படங்கள்: ஒன்றில் அந்தக் கோடு இருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டையும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவிட்டேன்; வகுப்பில் காட்ட நினைக்கும் எந்த ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து விலையைப் பற்றிய பகுதியை எழுத வேண்டும். இவ்வளவு பழைய செயலி கொண்ட கருவிக்கு நூறு டாலர் அளவில் ஏன் விலை நிலைத்து நின்றது என்பதற்கு நல்ல சான்றுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.