பத்து சென்டிமீட்டர்

மார்ச் 3, திங்கள்

ஐசியுவில் ஆர்ட்டரி வழியே ரத்த அழுத்தம் அளக்கும் லைனில் ஜீரோ பண்ணுவது வேறு, லெவல் பார்ப்பது வேறு. முதல் நாள் முழுக்க இதிலேயே போனது. போகட்டும்.

டிரான்ஸ்டியூசரின் (அழுத்தத்தை உணரும் கருவி) ஸ்டாப்காக்கை, அதாவது திருகு அடைப்பானை, காற்றுக்குத் திறந்து ஜீரோ பொத்தானை அமுக்கும்போது, ‘வெளிக்காற்றின் அழுத்தம்தான் உனக்குப் பூஜ்யம்’ என்று மானிட்டருக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான். அந்த நேரம் டிரான்ஸ்டியூசர் எந்த உயரத்தில் இருந்தாலும் ஒன்றுதான். ஆர்ட்டரி பக்கம் திருப்பிய பிறகுதான் உயரம் பேச ஆரம்பிக்கிறது. நாலாவது விலா இடைவெளி, அக்குளுக்கு நேர் கீழே மார்பின் பக்கவாட்டு நடுக்கோடு. அதுதான் இடம். அதற்குப் பத்து செ.மீ. கீழே இறங்கினால் திரையில் 7.4 மி.மீ. பாதரசம் கூட. பத்து செ.மீ. மேலே ஏறினால் அதே 7.4 குறைச்சல்.

திரையில் மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 65. உள்ளே 58. சிறுநீர் ஏன் குறைகிறது என்று மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

இடத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை இன்றோடு விடணும். மார்பின் பக்கவாட்டில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. அடுத்த ஷிஃப்ட்டும் அதே குறியைத்தான் பார்க்கும்.

மார்ச் 4, செவ்வாய்

தலைப்பக்கத்தை 30 டிகிரி தூக்கினால் மார்பு மேலே போகிறது. கம்பத்தில் மாட்டிய டிரான்ஸ்டியூசர் கூடவே போவதில்லை.

மார்ச் 5, புதன்

ஃப்ளஷ் டெஸ்ட்: லைனுக்குள் சலைனை ஒரு கணம் வேகமாக விட்டுப் பார்ப்பது. சலைனை அழுத்தும் பிரஷர் பேக் 300-இல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். ஃப்ளஷ்ஷை இழுத்து விட்டால் திரையில் ஒரு சதுரம் எழுந்து விழும். விழுந்ததும் ஒன்று அல்லது இரண்டு அலை ஆடி அலைவடிவம் நிலைக்கு வந்தால் நல்ல லைன். ஆட்டமே இல்லாமல் சோம்பலாக இறங்கினால் எங்கோ காற்றுக் குமிழி, அல்லது ரத்தக்கட்டி, அல்லது மணிக்கட்டு மடிந்திருக்கிறது, அல்லது பேக்கில் காற்று போயிருக்கிறது. அப்போது சிஸ்டாலிக் குறைத்துக் காட்டும், டயஸ்டாலிக் கூட்டிக் காட்டும். அளவுக்கு மீறி ஆடினால் நேர்மாறு: சிஸ்டாலிக் 180 என்று திரை பயமுறுத்தும், கையில் கட்டிய கஃப் 150 என்று சொல்லும். தேவையில்லாத நீளக் குழாயும் கூடுதல் ஸ்டாப்காக்குகளும் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இரண்டிலும் மேப் அதிகம் கெடுவதில்லை. அதனால்தான் மருந்தை மேப் பார்த்து ஏற்றி இறக்குகிறோம். ஆனால் லெவல் தப்பினால் மேப்பும் சேர்ந்தே பொய் சொல்லும். அலைவடிவமோ அழகாகவே இருக்கும். இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

வென்ட்டிலேட்டர். பீக் (காற்று உள்ளே போகும்போது வரும் உச்ச அழுத்தம்) 38 என்று அலாரம் அடித்தால் உடனே சளி உறிஞ்சும் சக்‌ஷனுக்குக் கை போகிறது. கையை நிறுத்தி, இன்ஸ்பிரேட்டரி ஹோல்ட் போட்டு (உள்மூச்சின் முடிவில் ஒரு கணம் நிறுத்தி), பிளாட்டோ, அதாவது காற்று நகராதபோது உள்ள அழுத்தம், பார்க்கணும். பிளாட்டோ 18 என்றால் பிரச்சினை குழாய் வழியில்: மூச்சுக்குழலுக்குள் போகும் டியூபைக் கடிக்கிறார், மடிந்திருக்கிறது, சளி, மூச்சுக்குழல் இறுக்கம். பிளாட்டோவும் 34 என்றால் நுரையீரலே விறைத்திருக்கிறது: நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது), நீர்கோத்தல், அல்லது டியூப் வலது பக்கத்துக்குள் நழுவியது. பல்வரிசையில் டியூப் எத்தனை செ.மீ. என்பதைக் காலையில் எழுதி வைத்திருந்தால் கடைசிக் கேள்விக்கு அரை நொடியில் பதில் கிடைக்கும்.

ஆக்ஸிஜன் சரசரவென்று இறங்கினால் யோசிக்கிற வேலையே இல்லை. வென்ட்டைக் கழற்று, 100% ஆக்ஸிஜனோடு, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக். கையில் லேசாக அமுங்கினால் குற்றவாளி வென்ட்டும் அதன் குழாய்களும். இறுகினால் டியூப் அல்லது நெஞ்சு.

டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் தள்ளும் காற்றின் அளவு) கணக்கு ஆளின் எடையில் இல்லை, உயரத்தில். பெண்ணுக்கு 45.5, ஆணுக்கு 50. அதோடு உயரத்தில் 152.4 செ.மீ.க்கு மேல் வரும் ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கூட்டு. 155 செ.மீ. பெண்ணுக்கு 47.9 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 287. அதே பெண்ணின் எடை 80 கிலோ என்று அதை வைத்துக் கணக்குப் போட்டால் 480. நுரையீரல் உடம்போடு சேர்ந்து பருப்பதில்லை. குள்ளமான பெண்களுக்குத்தான் இந்தத் தப்பு அதிகம் நடக்கிறது. காரணம் வெட்கக்கேடானது: யாரும் அளப்பதில்லை, கட்டிலைப் பார்த்து ‘ஒரு 165 இருக்கும்’ என்று எழுதிவிடுகிறோம். டேப் ஒன்றைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளணும்.

மார்ச் 8, சனி

ஒன்றும் படிக்கவில்லை. 22-ஆம் தேதித் தேர்வுக்கு இரண்டு வாரம்.

மார்ச் 10, திங்கள்

நார்அட் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின்) சிரிஞ்ச் மாற்றம். கை நடுங்குகிற இடம் இதுதான்.

கணக்கு சுலபம். 4 மி.கி. மருந்து, 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து 50 மி.லி. ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 70 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 7, மணிக்கு 420. பம்பில் மணிக்கு 5.25 மி.லி. ஆனால் எல்லா யூனிட்டிலும் இதே கலவை கிடையாது. இரண்டு மடங்கு, நாலு மடங்கு செறிவில் ஓட்டுவார்கள். ஆகவே ‘நார்அட் அஞ்சுல ஓடுது’ என்று ஹேண்ட்ஓவர் கொடுப்பது ஹேண்ட்ஓவரே இல்லை. மைக்ரோகிராமில் சொல்லு, கலவையையும் சொல்லு.

கஷ்டம் கணக்கில் இல்லை, குழாயில். 150 செ.மீ. நீளம், 1 மி.மீ. உள்விட்டம் உள்ள எக்ஸ்டென்ஷன் லைனுக்குள் ஏறத்தாழ 1.2 மி.லி. நிற்கும். லைனில் வெறும் சலைன் நிரம்பியிருக்க 5.25-இல் மருந்தைத் தொடங்கினால், முதல் துளி நோயாளியை எட்ட 13 நிமிடத்துக்கு மேல். 2-இல் தொடங்கினால் அரை மணி தாண்டும். இதற்குள் ‘ஏறவே இல்லையே’ என்று வேகத்தை மூன்று தடவை கூட்டியிருப்போம். அப்புறம் கூட்டிய டோஸ் முழுதாக வந்து சேரும், திரையில் 210. அடுத்தபடியாக எல்லாவற்றையும் நிறுத்துவோம், 70. ஊஞ்சல்.

அடுத்தது பம்பின் பல். புது சிரிஞ்சை மாட்டியதும் பிஸ்டனுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். அது மூடும்வரை மருந்து நகராது. பம்போ ஓடுகிறேன் என்று பச்சை விளக்கு காட்டும். நார்அட் ரத்தத்தில் பாதியாக இரண்டு மூன்று நிமிடம் போதும். எனவே நோயாளியோடு இணைக்கும் முன்பே பர்ஜ் (மருந்தை வேகமாகத் தள்ளிக் குழாயை நிரப்பும் பொத்தான்) அமுக்கணும்; குழாய் முனையில் துளி தெரியணும். கண்ணால் பார்க்காத துளி துளி இல்லை.

மாற்றம்: பழைய சிரிஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மருந்து இருக்கும்போதே புதியது கலந்து, லேபிள் ஒட்டி, இரண்டாவது பம்பில் தயாராக நிற்கணும். பர்ஜ் ஆனதும் ஸ்டாப்காக்கில் இணைத்து, திறந்து, அதே வேகத்தில் ஓட்டு. கண் பம்பில் அல்ல, ஆர்ட்டீரியல் அலையில். பிரஷர் ஐந்து, பத்து என்று ஏறத் தொடங்கினால் புது மருந்து போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தக் கணம் பழையதைக் குறைத்து நிறுத்து. பழைய பம்பின் பக்கம் ஸ்டாப்காக்கை மூடு. இதை மறந்தால் புது மருந்து பழைய சிரிஞ்சை நோக்கிப் பின்னால் போகலாம்.

அடைப்பு அலாரம் வந்தால் கிளாம்பைத் திறக்கத்தான் கை ஓடும். திறந்தால், உள்ளே அழுந்திச் சேர்ந்த மருந்து ஒரே மூச்சில் ஆளுக்குள் போகும். முதலில் நோயாளி பக்கத்தை மூடு, தேங்கிய அழுத்தத்தை வெளியே விடு, அப்புறம் அடைப்பைத் தேடு.

இந்த லைனில் வேறெதையும் புஷ் பண்ணாதே. கதீட்டரின் இதே லூமனில் (உள்வழியில்) சிவிபி (மையச் சிரை அழுத்தம்) அளக்காதே. ஓடும் பம்பைக் கம்பத்தில் மேலே ஏற்றாதே, அதுவும் ஒரு குட்டி போலஸ், ஒரே மூச்சில் போகும் டோஸ். பார், இங்கேயும் உயரம்.

மார்ச் 11, செவ்வாய்

சக்‌ஷன் கதீட்டர்: டியூப் அளவை மூன்றால் பெருக்கி இரண்டால் வகு. 8-க்கு 12. 7-க்கு 10. கதீட்டர் டியூபின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டினால் சளியோடு நுரையீரலின் காற்றையும் உறிஞ்சிக்கொண்டு வரும்.

உறிஞ்சும் அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாமல். உள்ளே போய் வெளியே வர 15 நொடிக்குள். முன்னும் பின்னும் 100% ஆக்ஸிஜன். சலைன் ஊற்றும் பழக்கத்தை விடணும். இரண்டு மணிக்கு ஒரு தரம் என்று அட்டவணை போட்டு சக்‌ஷன் பண்ணுவதையும் விடணும். ஃப்ளோ அலையில் ரம்பப் பல் தெரிகிறதா, மார்பில் கரகரப்பு கேட்கிறதா, அப்போது பண்ணு.

டியூபின் கஃப் (மூச்சுக்குழலுக்குள் காற்று கசியாமல் அடைக்கும் பலூன்) 20-க்கும் 30-க்கும் நடுவே, செ.மீ. நீரில். அதோடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கி ‘சரியாத்தான் இருக்கு’ என்பவர்களோடு வாதாடத் தெம்பில்லை. ஒன்று மட்டும் புதிதாகத் தெரிந்தது: மானோமீட்டரை மாட்டும்போதே கஃப்பிலிருந்து கொஞ்சம் காற்று அதன் குழாய்க்குள் போய்விடும். மாட்டியதும் 18 என்று காட்டினால், முந்தைய ஷிஃப்ட்டைத் திட்டுவதற்கு முன் இதை நினைக்கணும். 26 வரைக்கும் ஏற்றிவிட்டுக் கழற்று.

மார்ச் 13, வியாழன்

கட்டிலைக் கீழே இறக்கினார்கள், எக்ஸ்ரேக்காக. மேப் 59 ஆனது. நார்அட்டைக் கூட்டக் கை போனது. பெருக்கல் குறியைப் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

குப்புறப் படுக்க வைத்தல். 2013-இல் வந்த புரோசீவா ஆய்வு, கடுமையான ஏஆர்டிஎஸ் (நுரையீரல் அழற்சியால் ஆக்ஸிஜன் ஏறாத நிலை) உள்ளவர்களைத் தினம் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தது. 28 நாளில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைந்தது. இப்படி ஒரு வித்தியாசத்தை எந்த மருந்தும் காட்டியதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது; இதில் மருந்தே இல்லை, கைகள்தான்.

ஐந்து பேர். தலைமாட்டில் நிற்பவர்தான் எண்ணுவார். அவர் கை டியூபை விடவே கூடாது. திருப்பும் முன்: ஃபீட் நிறுத்து, வயிற்றை உறிஞ்சு, கண்ணில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டு, டியூப் அளவை உரக்கச் சொல். இடுப்புக்கு மேலே உள்ள லைன்கள் தலைப்பக்கமாக, கீழே உள்ளவை கால்பக்கமாக. ஈசிஜி ஒட்டிகள் முதுகுக்கு மாறும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை சென்ட்ரல் லைனும் வென்ட்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துத் தீர்மானிக்கணும், பழக்கத்தை வைத்து அல்ல.

‘மூன்று என்றதும்’ திருப்புவதா, ‘மூன்றுக்குப் பிறகு’ திருப்புவதா? இதை முதலில் பேசிக்கொள்ளாத குழுவில் பாதிப் பேர் ஒரு நொடி முந்துவார்கள். டியூப் போவது அந்த ஒரு நொடியில்தான்.

திரும்பிய பின்: டியூப் அளவு, இரு பக்கமும் மூச்சுச் சத்தம், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலை. அப்புறம் லெவல். முகம் திரும்பிய பக்கத்துக் கை மேலே, மற்றது உடம்போடு. இரண்டு மணிக்கொரு முறை மாற்று. காது மடங்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார். காதை எல்லோரும் மறக்கிறார்கள்.

மார்ச் 17, திங்கள்

டெலிரியம், நோயின்போது திடீரென்று வரும் மனக்குழப்பம். சத்தம் போட்டு லைனைப் பிடுங்குபவரை எல்லோரும் கண்டுபிடிப்போம். பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரை ‘நல்ல பேஷண்ட், தொந்தரவே இல்லை’ என்று எழுதுகிறோம்.

முதலில் ராஸ், விழிப்பு நிலைக்கான மதிப்பெண். மைனஸ் 4, மைனஸ் 5 என்றால் சோதிக்க முடியாது, பிறகு வா. மைனஸ் 3-இலிருந்து மேலே என்றால் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எழுத்து சொல்லணும். குறித்த எழுத்து வரும்போது மட்டும் அழுத்தச் சொல்லணும். மூன்று தப்பு வந்தால் கவனம் இல்லை. தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஆங்கில எழுத்து சொல்லிவிட்டு ‘பாசிட்டிவ்’ என்று குறிப்பது அநியாயம். ‘அ’ வரும்போது அழுத்துங்க ஐயா என்றால் அழுத்துகிறார். காதுமெஷின் போட்டிருக்கிறாரா என்றும் பார்த்துவிட்டுக் கேள்.

மார்ச் 18, செவ்வாய்

சிஆர்ஆர்டி, இடைவிடாமல் ஓடும் டயாலிசிஸ். டோஸ் கிலோவுக்கு மணிக்கு 20 முதல் 25 மி.லி. எழுதிக் கொடுத்த டோஸ் வேறு, கிடைத்த டோஸ் வேறு. மெஷின் நின்ற ஒவ்வொரு நிமிடமும் கழிவு.

ஆக்சஸ் பிரஷர் (ரத்தத்தை இழுக்கும் பக்கத்து அழுத்தம்) திடீரென்று அதிக மைனஸுக்குப் போனால் கதீட்டர் மடங்கியது, அல்லது இருமினார், அல்லது தொடையை மடக்கினார். டிஎம்பி (ஃபில்டர் சவ்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம்) மெல்ல மெல்ல ஏறினால் ஃபில்டர் அடைகிறது. ஏறும் வேகத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க நேரம் இருக்கும்போதே நிறுத்தலாம்.

ஃபில்டரில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் ஓடும்போது இரண்டு அயனி கால்சியம். ஃபில்டருக்குப் பின்னால் 0.25 முதல் 0.35; நோயாளியிடம் 1.0 முதல் 1.2. இரண்டு சிரிஞ்சும் ஒரே டிரேயில், லேபிள் இல்லாமல். மாறிப்போனால் ஆளுடைய கால்சியம் 0.3 என்று ரிப்போர்ட் வரும், ஓடுவார்கள். எடுத்த இடத்திலேயே லேபிள் ஒட்டணும், மெஷின் பக்கத்தில் வந்து அல்ல. மொத்த கால்சியத்தை அயனி கால்சியத்தால் வகுத்து 2.5-ஐத் தாண்டினால் சிட்ரேட் தேங்குகிறது, கல்லீரலை நினை.

மார்ச் 20, வியாழன்

மூளைப் பக்கம் வந்தாலும் உயரம் விடவில்லை. இவிடி (மூளை நீரை வெளியே வடிக்கும் குழாய்) காதின் முன்குருத்துக்கு நேராக. சொட்டும் அறை பத்து செ.மீ. இறங்கினால் நீர் அளவுக்கு மேல் வடியும். நகர்த்தும் முன் கிளாம்ப், நகர்த்திய பின் திற. திறக்க மறப்பதும் அதே அளவு ஆபத்து.

சிபிபி (மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம்) என்பது மேப்பிலிருந்து ஐசிபியை (மண்டைக்குள் இருக்கும் அழுத்தம்) கழித்தது. ஐசிபி காது மட்டத்தில். மேப் எந்த மட்டத்தில்? இதயத்தில் என்றால், தலையை 30 டிகிரி தூக்கியிருக்கும்போது இரண்டுக்கும் நடுவே உயர வித்தியாசம் பத்துப் பதினைந்து செ.மீ. வரும். திரையில் 60 என்றால் மூளைக்குக் கிடைப்பது ஐம்பதுக்குப் பக்கத்தில். எந்த மட்டம் என்று சார்ட்டில் எழுதாத சிபிபி வெறும் எண். இரண்டு ஷிஃப்ட் இரண்டு மட்டத்தில் வைத்திருந்தால், மாலையில் ‘முன்னேற்றம்’ வரும், காலையில் ‘பின்னடைவு’ வரும்.

மார்ச் 21, வெள்ளி

5.25. பர்ஜ், துளி, ஸ்டாப்காக், அலை. 5.25.

மார்ச் 24, திங்கள்

லெவல் பார்க்க லேசர் வரும் என்கிறார்கள். அதுவரை ஸ்பிரிட் லெவலும் ஒரு முழ நூலும். குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கும்போது கண் அதே மட்டத்துக்கு வரணும், நின்றபடி பார்க்கக் கூடாது.