ஊஞ்சலில் இரண்டு குழந்தைகள்

"வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறாயே, உள்ளே கூப்பிடு" என்றார் அப்பா. வாசலில் யாரும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் அவருடைய சட்டைதான் தொங்கியது.

பார்க்கின்சன் நோய் வந்து அது ஏழாவது ஆண்டு. நடுக்கமும் தடுமாற்றமும் எங்களுக்குப் பழகியிருந்தன, இது புதிது. சட்டையை எடுத்து அலமாரியில் வைத்ததும் வந்தவர் போய்விட்டார். ஊஞ்சலில் இருந்த இரண்டு குழந்தைகளை அப்படி எடுத்து வைக்க முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவார்கள், பேசமாட்டார்கள். பெண்ணின் பாவாடையில் பச்சைக் கரை என்றுகூட அப்பா சொன்னார்.

"யாருமே இல்லை அப்பா" என்று ஒரு வாரம் வாதாடினேன். பிறகு அவர் என்னிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் ஊஞ்சல் பலகையில் இரண்டு மேரி பிஸ்கட்டுகள், சுற்றிலும் எறும்பு.

அந்த வாரமே ஒரு நள்ளிரவில் கூச்சலிட்டு எழுந்தார். பக்கத்து மருத்துவமனையில் அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். மறுநாள் கட்டைபோல விறைத்துக் கிடந்தார், கஞ்சியை விழுங்க முடியவில்லை. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால் வரும் நோய் பார்க்கின்சன். அந்த மருந்தோ இருக்கிற டோபமைனையும் வேலை செய்ய விடாது. இதை எனக்கு விளக்கியவர் நரம்பியல் மருத்துவர். இப்போது அந்த மருந்தின் பெயரை அப்பாவின் கோப்பு அட்டையில் சிவப்பு மையில் எழுதி, 'கூடாது' என்று அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

கயிறு பாம்பாகத் தெரிவது ஒன்று, கயிறே இல்லாமல் பாம்பு தெரிவது இன்னொன்று. இந்த நோயில் இரண்டும் வரும் என்றார் அவர். ஸ்கேன் எழுதித் தருவார் என்று எதிர்பார்த்தேன். சிறுநீரும் ரத்தத்தில் சோடியமும்தான் பார்க்கச் சொன்னார். சிறுநீரில் தொற்று இருந்தது. அதற்கு மருந்து கொடுத்ததும் இரவுக் கூச்சல் அடங்கியது. குழந்தைகள் மட்டும் போகவில்லை.

அடுத்து மாத்திரைகள், அவற்றாலும் இப்படித் தெரியலாம் என்பதால். நடுக்கத்துக்காகப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த ட்ரைஹெக்ஸிஃபெனிடிலை முதலில், படிப்படியாக நிறுத்தினார். பிறகு டோபமைன்போல வேலை செய்யும் பிரமிபெக்ஸாலைக் குறைத்தார். மூளையில் டோபமைனாக மாறும் முக்கிய மருந்தான லெவோடோபாவில் கை வைக்கவில்லை. நாமாக எதையும் நிறுத்தவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். எந்த நேரத்தில் என்ன தெரிகிறது, எப்போது மாத்திரை என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னார். அந்த மாதம் கடினமாகத்தான் இருந்தது. நடுக்கம் கூடி காபி டம்ளர் அப்பாவின் கையில் நிற்கவில்லை, பாதி வேட்டியில். குழந்தைகளும் இருந்தார்கள், நடுக்கமும் இருந்தது. கடைசியில், இல்லாதது தெரிவதைக் குறைக்க இரவில் க்வெட்டியபின் என்ற மருந்து, 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. பார்வை தெளிவாக இருக்கட்டும் என்று வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சையும் நடந்தது. கூடத்தில் ஐந்தரைக்கே விளக்கைப் போட்டுவிடுகிறோம்.

நான் வாதாடுவதை விட்டுவிட்டு, "இன்றைக்கு யார் வந்தார்கள்?" என்று கேட்க ஆரம்பித்திருந்தேன். பள்ளி ஆசிரியராக இருந்தவர் அல்லவா, வருகைப் பதிவு எடுக்கிற குரலிலேயே சொல்வார். நேற்று, "பையன் வரவில்லை. பெண் மட்டும்தான். அதுவும் நிஜமில்லை, தெரியும், நீ எழுதிக்கொள்" என்றார்.

மாலை 6.10 என்று எழுதிக்கொண்டேன்.